திரை இருண்டால் திகைக்க வேண்டாம்!

மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல், மூன்றாம் ஆண்டு



நம் விடுதியில் மாதத்துக்கு ஒரு தடவையாவது காதில் விழும் புலம்பல் இது: "மச்சான், லேப்டாப்ல டிஸ்ப்ளே போயிடுச்சுடா!" சொல்லி முடிப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் நாலு வைத்தியம் வந்துவிடும். ஒருவன் "விண்டோஸ் மாத்துடா" என்பான். இன்னொருவன் "பேனல் அவுட்டு, எட்டாயிரம் எடுத்து வை" என்பான். மூன்றாமவன் ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பான். நாலாமவன் எதுவும் பேசாமல் திரையின் மேல் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பான்.

"டிஸ்ப்ளே போச்சு" என்பது நோயின் பெயர் இல்லை நண்பர்களே. "உடம்பு சரியில்லை" என்பது மாதிரிதான் அதுவும். அதே இருட்டுத் திரைக்குக் காரணம் இடம் நகர்ந்த ஒரு ரேமாக இருக்கலாம். அதைச் சரி செய்யக் காசே வேண்டாம். கீலுக்குள் நசுங்கிய ஒரு கேபிளாக இருக்கலாம். அது சில நூறு ரூபாயில் முடியும். பேனலாக இருந்தால் ஆயிரக்கணக்கில் போகும். மதர்போர்டாக இருந்தால் அதற்கும் மேலே.

எனவே இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு, கண்டுபிடித்ததை வைத்து வாரண்டியில் இலவசமாகப் பழுது பார்த்து வாங்குவது எப்படி? காரணம் தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால், அவர்கள் சொல்வதுதான் காரணம், கேட்பதுதான் காசு. அதனால் இந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

1888-ஆம் ஆண்டு பிரெடரிக் ரெய்னிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் ஒரு விசித்திரமான பொருளைக் கவனித்தார். அது திரவம் போல் ஓடியது. ஆனால் படிகத்தைப் போலவும் நடந்துகொண்டது. அதுதான் திரவப் படிகம். நம் எல்.சி.டி. திரைகளுக்கு அதுவே ஆதாரம்.

திரவப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. ஒளியை விடுவதும் மறைப்பதும் மட்டுமே அதன் வேலை. ஜன்னல் கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி தருவதற்கென்று திரையின் அடி ஓரத்தில் வெள்ளை எல்.இ.டி.க்கள் ஒரு வரிசையாக இருக்கின்றன. இதற்குப் பின்னொளி, அதாவது பேக்லைட் என்று பெயர். அந்த ஒளியை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுக்கப் பரப்பிவிடும். அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில்தான் ஜன்னல்கள். 1920 x 1080 திரை என்றால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஜன்னல். ஆக மொத்தம் 62 லட்சத்துக்கும் மேலே!

இந்த 62 லட்சம் ஜன்னல்களுக்கும் கட்டளை எங்கிருந்து வருகிறது? மதர்போர்டில் உள்ள கிராபிக்ஸ் சிப்பிலிருந்து. அங்கிருந்து கிளம்பும் படம் ஒரு மெல்லிய கேபிள் வழியாகக் கீலைத் தாண்டி மேலே ஏறுகிறது. இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இது 30 அல்லது 40 பின் உள்ள இ.டி.பி. கேபிள். பேனலின் அடியில் டைமிங் கன்ட்ரோலர் என்ற சிறு சர்க்யூட் அந்தப் படத்தை வரிசை வரிசையாகப் பிரித்துக் கொடுக்கிறது. பேக்லைட்டுக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான், வேறு பின்கள் வழியாகப் போகிறது.

நம்மில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். வயல் காய்ந்தால் என்ன செய்வோம்? மோட்டார் ஓடுகிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, மடை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். எடுத்த எடுப்பில் வயலைக் குறை சொல்ல மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். கிராபிக்ஸ் சிப் மோட்டார், கேபிள் வாய்க்கால், டைமிங் கன்ட்ரோலர் மடை, பேனல் வயல்.

கழற்றாமல் செய்யும் எட்டுச் சோதனைகள்

கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். எளியது முதலில், கடினமானது கடைசியில்.

1. உயிர் இருக்கிறதா? பவர் பட்டனை அழுத்தி, விளக்கு எரிகிறதா, விசிறி சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி ஓடுகிறது, படம் மட்டும்தான் வரவில்லை என்று அர்த்தம். மாறாக, விளக்கு ஏதோ கணக்கு வைத்தது போல் விட்டு விட்டு மின்னினால், அல்லது பீப் சத்தம் வந்தால், எத்தனை தடவை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது கணினி நமக்குச் சொல்லும் ரகசியக் குறிப்பு. ரேம் கோளாறா, மதர்போர்டு கோளாறா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே கம்பெனியின் கையேட்டில் பார்த்துவிடலாம்.

2. தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுதல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். திரை இருட்டாகி நின்றுபோன கணினிகள் சில இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். சாதாரணமாக நினைக்காதீர்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அவர்களும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

3. காந்தம் இருக்கிறதா? மூடி மூடப்பட்டதா என்பதை லேப்டாப் ஒரு காந்தத்தையும் ஹால் சென்சாரையும் வைத்துத்தான் அறிகிறது. காந்தப் பூட்டுள்ள போன் உறையைக் கைவைக்கும் இடத்தில் வைத்தாலோ, ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்தாலோ "மூடிவிட்டார்கள்" என்று எண்ணித் திரை அணைந்துவிடும். சுற்றிலும் உள்ளதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

4. டார்ச் சோதனை. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஐகான்களோ எழுத்துகளோ தெரிகிறதா? தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பேக்லைட் மட்டும் எரியவில்லை. காரணம் எல்.இ.டி. வரிசையாகவோ, கேபிளாகவோ, மதர்போர்டில் உள்ள பேக்லைட் பியூஸாகவோ இருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட்டே கிடையாது. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

5. வேறு திரையில் பார்த்தல். ஆய்வகத்து மானிட்டரையோ, விடுதி டி.வி.யையோ எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணையுங்கள். விண்டோஸ் விசையோடு "பி" அழுத்தினால் படத்தை வெளித்திரைக்கு அனுப்பலாம். வெளியே படம் நன்றாக வந்தால் மோட்டார் நலம். கோளாறு கேபிளிலோ பேனலிலோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெளியேயும் அதே கோடுகள், அதே கலங்கல் என்றால் கிராபிக்ஸ் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இது நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல முடியாது. இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள சில லேப்டாப்புகளில் உள்திரைக்கு ஒரு சிப்பும், எச்.டி.எம்.ஐ.க்கு இன்னொரு சிப்பும் படம் கொடுக்கும்.

6. மென்பொருளா, வன்பொருளா? திரையில் கோடு, நடுக்கம், நிற மாற்றம் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படத்திலும் கோடு இருந்தால் கோளாறு கிராபிக்ஸ் சிப்பிலோ, அதன் டிரைவரிலோ இருக்கிறது. போனில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்கு அப்பால், கேபிளிலோ பேனலிலோ. அடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரைக்குப் போங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் கோடு தெரிந்தால் "விண்டோஸ் மாத்து" என்ற பேச்சுக்கே இடமில்லை. பயாஸில் சுத்தமாக இருந்து, விண்டோஸ் வந்ததும் கோளாறு தெரிந்தால் டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், "பி" நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

7. கீல் சோதனை. படம் தெரியும் நிலையில் மூடியை மெதுவாக, மிக மெதுவாக, மூடியும் திறந்தும் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் படம் போய் வருகிறதா? அப்படியானால் கீல் வழியாகப் போகும் கேபிள்மீதுதான் முதல் சந்தேகம். எந்தக் கோணத்தில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

8. கம்பெனி வைத்திருக்கும் சோதனை. பல லேப்டாப்புகளில் திரையைச் சோதிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. டெல் லேப்டாப்பில் "டி" விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால், பேனல் தானாகவே முழு நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். அந்த நிறங்களிலும் கோடு இருந்தால் கோளாறு பேனலில்தான். எச்.பி.யில் ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டி, பிறகு எஃப்2 அழுத்தினால் வன்பொருள் சோதனைப் பகுதி வரும். அதில் கோளாறு கண்டால் ஒரு குறியீட்டு எண் கொடுக்கும். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். கம்பெனி மென்பொருளே கொடுத்த எண்ணை கம்பெனி ஆளே மறுப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம். வாரண்டி இருக்கும்போது பின்மூடியைக் கழற்ற வேண்டாம். நமக்கு லேபில் மல்டிமீட்டர் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும்! ஆனாலும் கழற்றிய தடம் ஒன்று இருந்தால் போதும், மொத்தப் பழியும் நம் தலையில் வந்து விழும்.

அறிகுறியும் அர்த்தமும்

செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு, எப்போதும் அதே இடத்தில்: பேனல் ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டப்பட்ட இணைப்பு விட்டிருக்கலாம். இது பெரும்பாலும் பேனல் மாற்றும் வேலை.

முழுத் திரையும் வெள்ளை: பேக்லைட்டுக்கு மின்சாரம் வருகிறது, படம் வரவில்லை. கேபிள் அல்லது பேனல் சர்க்யூட்.

படம் துடித்துத் துடித்து வருவது: மூடியை அசைத்தால் மாறுகிறது என்றால் கேபிள். அசைத்தாலும் மாறவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மற்றதெல்லாம் துடிக்க, அது மட்டும் துடிக்காமல் நின்றால் ஏதோ ஒரு அப்ளிகேஷன் கோளாறு. அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவரைப் பாருங்கள்.

மை கொட்டியது போல் கருப்பாகப் பரவுவது, சிலந்தி வலை போல் விரிசல்: கண்ணாடி உடைந்துவிட்டது. இது அடிபட்டதால் வருவது. சாதாரண வாரண்டியில் வராது.

ஒன்றிரண்டு புள்ளி மட்டும் எரியாமல் இருப்பது: இதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற தர விதி இருக்கிறது. சில புள்ளிகள்வரை குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கம்பெனிகள் வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் கம்பெனியின் வரம்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பெரிய கம்பெனிக்கும் வந்த சோதனை

"நாம வச்ச விதம் சரியில்ல, அதான் போச்சு" என்று நினைத்துத் தலை குனிந்து நிற்பவர்களுக்காக இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் ஒன்றை வெளிப்படையாக அறிவித்தது. லேப்டாப்புகளில் போன தன் கிராபிக்ஸ் சிப்களில் சில, பலவீனமான பொருள்களால் செய்யப்பட்டதால் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன என்றும், அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகவும் சொன்னது. சிப் சூடாகி, குளிர்ந்து, மறுபடி சூடாகி இணைப்புகள் விட்டுப்போயின. பயன்படுத்தியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோடு விழுந்த படமும் இருட்டுத் திரையும்தான். பிறகு டெல், எச்.பி. நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தன.

அடுத்தது ஆப்பிள். 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவில் திரையின் அடியில் மேடை விளக்கு போட்டது மாதிரி பட்டை பட்டையாக வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. சிலருக்கு மூடியைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தாலே திரை அணைந்தது. ஐ-ஃபிக்ஸிட் என்ற பழுது பார்க்கும் குழுவினர் பிரித்துப் பார்த்து, மூடி திறக்கும்போதெல்லாம் மெல்லிய கேபிள் இழுபட்டுத் தேய்கிறது என்று விளக்கினார்கள். 2018 மாடலில் அந்தக் கேபிள் சுமார் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததையும் கண்டார்கள். வெறும் 2 மில்லிமீட்டர்! 2019 மே மாதம் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. அதற்கு முன்பே காசு கொடுத்துச் சரி செய்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி வைத்தது. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரண்டி என்பது தயவு இல்லை

நாம் கொடுத்த விலையில் வாரண்டியும் அடக்கம். கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. அதே சமயம் அதற்கென்று ஒரு வரையறை உண்டு. தயாரிப்பில் உள்ள குறைக்குத்தான் வாரண்டி. கீழே போட்டது, தண்ணீர் கொட்டியது, மேலே உட்கார்ந்தது இதெல்லாம் அதில் வராது. அதற்குத் தனியாக விபத்துப் பாதுகாப்புத் திட்டம் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே உண்மையிலேயே கீழே விழுந்திருந்தால் விழுந்தது என்றே சொல்லுங்கள். உள்ளே பிரித்ததும் அடிபட்ட தடமும் தண்ணீர்த் தடமும் தெரிந்துவிடும். ஒரு பொய், மற்ற எல்லா உண்மைகளையும் செல்லாக்காசாக்கிவிடும்.

போகும் முன் செய்ய வேண்டியவை:

லேப்டாப்பின் அடியில் உள்ள வரிசை எண்ணைக் குறித்து, கம்பெனி இணையதளத்தில் வாரண்டி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். சில சமயம் கடை பில் தேதிக்கும் அங்கே காட்டும் தேதிக்கும் வித்தியாசம் வரும். பில்லைக் காட்டினால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். நம் ஊர்க் கடை பில்லில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

கோளாறு தெரியும்போதே வீடியோ எடுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு சர்வீஸ் சென்டர் மேஜையில் வராமல் போவதுதான் வழக்கம்! "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

புராஜெக்ட், ரெக்கார்டு எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். திரை தெரியாவிட்டால் வெளி மானிட்டரில் போட்டு எடுக்கலாம். மதர்போர்டு மாற்றினால் பிட்லாக்கர் திறவுகோல் கேட்கும். அதையும் குறித்து வையுங்கள்.

லேப்டாப்பை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கொடுக்கும்போது எந்தக் கீறல் இருந்தது, எது இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கவுண்டரில் நடந்தது

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் லேப்டாப் வாங்கியது அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில். தவணை பாதிகூட முடியாத பத்தாவது மாதத்தில் திரை போய்ப் போய் வந்தது. மேலே சொன்ன சோதனைகளை எங்கள் லேப் சார் முன்னிலையில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

மூடியின் மூலையில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. கவுண்டரில் இருந்த அண்ணன் அதைப் பார்த்ததும், "தம்பி, இது பிசிகல் டேமேஜ். வாரண்டி வராது. பேனல் மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்.

"கீறல் இருக்கிறது உண்மைதான்ணே. ஆனா கண்ணாடியில விரிசல் எங்கேயும் இல்ல, பாருங்க. வெளி மானிட்டர்ல படம் நல்லா வருது. பயாஸ்லயும் இதே கோளாறு இருக்கு. மூடியைப் பாதி திறந்தா படம் வருது, முழுசாத் திறந்தா போகுது. வீடியோ இருக்குண்ணே" என்று தாளை நீட்டினேன்.

"நீ என்ன இன்ஜினியரா?" என்றார்.

"டிப்ளமோ படிக்கிறேன்ணே. கீறல்னாலதான் கோளாறுன்னா, அதை ஜாப் ஷீட்ல அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. நான் கம்பெனிக்கு அனுப்பிக்கிறேன்."

அவர் எழுதவில்லை. உள்ளே போய் மூத்த இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மூடியைத் தானே அசைத்துப் பார்த்தார். "கேபிளா இருக்கும், வாரண்டியிலயே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் நாள் கேபிள் மாற்றி, ஒரு ரூபாய்கூட வாங்காமல் லேப்டாப் கைக்கு வந்தது. பழைய கேபிளைக் கேட்டுப் பார்த்தேன். கீல் பக்கம் உறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது.

கவுண்டரில் இருந்த அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ. ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் ஒன்பதாயிரம் எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்காக இங்கிலீஷில் பேசவோ, மேலதிகாரியைப் பார்க்கவோ வீட்டில் யாரும் இல்லை. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். அந்த இடத்தில் நமக்காகப் பேசுகிற பெரியவர், நாம் எழுதிக் கொண்டுபோன தாள்தான்.

ஜாப் ஷீட்டில் கவனிக்க வேண்டியவை

கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன கோளாறு நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா? "நோ டிஸ்ப்ளே" என்று இரண்டே வார்த்தையில் முடித்திருந்தால், "முழுசாத் திறந்தால் படம் போகிறது, வெளித்திரையில் வருகிறது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். உடம்பில் உள்ள கீறல்கள் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? இல்லாத "விரிசல்" ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். தேதியும் புகார் எண்ணும் இருக்கட்டும். திரும்ப வாங்கும்போது என்ன பாகம் மாற்றினார்கள், அதற்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். அங்கேயே ஆன் செய்து, மூடியைப் பத்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் கம்பெனியின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி, புகார் எண் வாங்குங்கள். பேசியதை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதில் தமிழிலேயே பேசலாம்.

அதற்கு மேலே சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எல்லாரும் அங்கே போக வேண்டியிருக்காது. போகும் வழி தெரிந்தவரிடம் கவுண்டரில் பேசும் தோரணையே வேறாக இருக்கும்!

வாரண்டி முடிந்துவிட்டதா?

அப்போதும் அந்த எட்டுச் சோதனைகள் காசை மிச்சப்படுத்தும். கேபிள் கோளாறுக்குப் பேனல் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பேனல்தான் என்றால், பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண், 30 பின்னா 40 பின்னா, தெளிவு எவ்வளவு என்ற மூன்றும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவானாலும், நம் ஊர்க் கடையானாலும் புதுப் பேனலா, பழைய லேப்டாப்பில் கழற்றியதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். உள்ளே கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சாரம் இருக்கும்போது திரைக் கேபிளைப் பிடுங்கினால் பேக்லைட் பியூஸ் போய்விடும். ஒரு கோளாறுக்குப் போய் இரண்டு கோளாறோடு வர வேண்டாம்.

நண்பர்களே! நாம் ஓம் விதி படிக்கிறோம், சர்க்யூட் வரைகிறோம், செமஸ்டரில் மார்க் வாங்குகிறோம். அந்தப் படிப்பு வீட்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்த அன்றுதான், "பையன் என்னமோ படிக்கிறான்" என்றிருந்த எங்கள் அம்மா, நான் என்ன படிக்கிறேன் என்று முதல்முறையாக விவரமாகக் கேட்டார். அடுத்த முறை விடுதியில் யாராவது "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்று வந்தால், ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். ஒரு டார்ச், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா எடுத்துக்கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் மின்னணுவியல் துறைப் பக்கம் வந்து கேளுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.